எண்ணெய் விரியனா, ஓநாய்ப் பாம்பா? வளையத்தைப் பார்த்து முடிவெடுப்பதற்கு முன் தெரிய வேண்டியவை

மாரி தொடங்கி வயலும் வளவும் தண்ணீரில் நிற்கும்போது பாம்பு வீட்டுக்குள் வருவது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புதிய சங்கதி இல்லை. எலி மேட்டுக்கு ஏறுகிறது, தவளை திண்ணைக்கு வருகிறது, இரண்டையும் தேடிப் பாம்பு வருகிறது. புதிதாகச் சேர்ந்திருப்பது வட்ஸ்அப். கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம் போட்ட ஒரு பாம்பின் படம் குடும்பக் குழுவில் வந்து விழுகிறது. ஐந்து நிமிடத்துக்குள் ஒருவர் “எண்ணெய் விரியன், அடிச்சுப் போடுங்க” என்கிறார், இன்னொருவர் “அது ஒண்டும் செய்யாத பாம்பு, விடுங்க” என்கிறார், இருவருக்கும் துளி சந்தேகம் இல்லை. படம் எடுத்தவர் கையில் தடியோடு நின்றுகொண்டிருக்கிறார்.

யார் சொல்வது சரி என்று கண்டுபிடிக்க முடியுமா? பல நேரம் முடியும், அதற்கான அடையாளங்களைக் கீழே விரிவாகவே சொல்கிறேன். ஆனால் அந்த விடையை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை இப்போதே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாம்பை அடிக்காமல் விடலாமா என்று முடிவெடுக்க அது உதவும். கடிபட்ட ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவையா என்று முடிவெடுக்க அது ஒரு நாளும் உதவாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் போகின்றன.

முதலில் பெயர்களைப் பிரிப்போம்

‘விரியன்’ என்ற ஒரே சொல்லுக்குள் தமிழில் நாம் நான்கு வேறு பாம்புகளைப் போட்டு வைத்திருக்கிறோம்.

1. கண்ணாடி விரியன். பருமனான உடம்பு, முதுகில் சங்கிலி போல முட்டை வடிவப் புள்ளிகள். வயலில் அதிகம். இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பாதிக்கும். இலங்கையில் உள்ள கண்ணாடி விரியன் கடித்தால் கண் இமையும் சரியலாம்.
2. சுருட்டை விரியன். சின்னது, கரையோர உலர்ந்த மணல் நிலங்களில் வாழ்வது. இரத்தப்போக்கை உண்டாக்கும்.
3. கோப்பி விரியன். மேல்நோக்கிய மூக்கு, உதிர்ந்த இலையின் நிறம். தோட்டங்களிலும் சருகுக்குள்ளும் கிடக்கும். கடித்த இடம் வீங்கும், சிலருக்குச் சிறுநீரகம் வரை போகும்.
4. எண்ணெய் விரியன், எட்டடி விரியன், கட்டு விரியன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் பாம்பு. கறுப்பு உடம்பு, வெள்ளை வளையம். நரம்பைத் தாக்கும் விஷம்.

முதல் மூன்றும் ஒரே குடும்பம். நான்காவது அந்தக் குடும்பமே இல்லை, அது நாகபாம்புக்குச் சொந்தம். ஆகவே ஆஸ்பத்திரியில் போய் “விரியன் கடிச்சது” என்று மட்டும் சொன்னால், டொக்டர் இரத்தத்தைப் பார்ப்பதா மூச்சைப் பார்ப்பதா என்பதற்கு அதில் விடை இல்லை. நிறம், பருமன், எங்கே எத்தனை மணிக்குக் கடித்தது என்று சொல்வது பெயரைச் சொல்வதைவிடப் பிரயோசனமானது.

நான்காவதன் பெயர்களையே கொஞ்சம் பாருங்கள். எண்ணெய் விரியன் என்பது நல்ல பெயர், ஏனென்றால் அந்தப் பாம்பின் உடம்பு உண்மையிலேயே எண்ணெய் பூசியது போல மினுங்கும். கட்டு விரியனும் பரவாயில்லை, உடம்பைச் சுற்றிக் கட்டுக் கட்டாக வரும் வளையத்தைச் சொல்கிறது. எட்டடி விரியன் என்பதுதான் ஆபத்தான பெயர். கடித்தால் எட்டடி வைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவான் என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். நடப்பது நேர் எதிர். இந்தப் பாம்பு கடித்தால் முதலில் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. ஆள் எழும்பி நடப்பார், கதைப்பார், தேத்தண்ணீர் குடிப்பார். “அரை மணித்தியாலம் ஆச்சு, ஒண்டும் செய்யேல்ல, அப்ப இது எட்டடி விரியன் இல்ல” என்று வீட்டில் உள்ளவர்கள் சமாதானம் ஆகிவிடுவார்கள். ஒரு பெயர் சொன்ன பொய்யை நம்பி அந்த அருமையான நேரம் போய்விடுகிறது.

அதைப் போலவே இருக்கும் மற்றது

எண்ணெய் விரியன் என்று நினைத்து அடிக்கப்படும் பாம்புகளில் முக்கியமானது ஓநாய்ப் பாம்பு. பாம்பு நூல்களில் உள்ள பெயர் இது. ஊரில் அதற்கென்று ஒரு பெயர் சொல்லி அழைப்பது குறைவு, ‘எண்ணெய் விரியன் குட்டி’ என்ற பெயரிலேயே அடிபட்டுச் சாகிறது. முன்பக்கப் பற்கள் ஓநாயின் பல்லைப் போல நீண்டிருப்பதால் அந்தப் பெயர் வந்தது. விஷம் கிடையாது. இரவில் சுவரில் ஏறி, ஓட்டுக்கும் வளைக்கும் இடையில் நுழைந்து, பல்லி பிடித்துத் தின்னும். பல்லி உள்ள வீடு எல்லாம் அதற்குச் சாப்பாட்டுக் கடை. பிடித்தால் கோபமாகக் கடிக்கும், இரத்தமும் வரும், அவ்வளவுதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. வளையம் எங்கே பலமாக இருக்கிறது? வளர்ந்த எண்ணெய் விரியனில் தலைக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் கறுப்பாகவே போகும், அல்லது நடுமுதுகில் வெறும் புள்ளியாக இருக்கும், அதற்குப் பிறகுதான் வளையம் தொடங்கி வாலை நோக்கிப் போகப்போகத் தெளிவாகும். ஓநாய்ப் பாம்பில் கழுத்திலேயே வளையம் தொடங்கிவிடும், அங்கேதான் தடிப்பாகவும் இருக்கும், வாலை நோக்கிப் போகப்போக மங்கி மறையும். ஒன்று பின்னால் பலம், மற்றது முன்னால் பலம்.

2. வளையத்தின் வடிவம். எண்ணெய் விரியனில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பல நேரம் இரண்டிரண்டு சோடியாக. ஓநாய்ப் பாம்பில் வளையம் விலாப்பக்கம் இறங்கும்போது விரிந்து, கவட்டுத்தடி போலப் பிரியும். நிறமும் சுத்த வெள்ளையாக இல்லாமல் மஞ்சள் கலந்ததாக இருக்கலாம்.

3. உடம்பின் நிறம். ஒன்று மினுமினுப்பான கறுப்பு, சிலவேளை நீலம் பாய்ந்த கறுப்பு. மற்றது மண்ணிறம், சாம்பல் மண்ணிறம், கோப்பி நிறம். இரவில் டோச் வெளிச்சத்தில் மண்ணிறமும் கறுப்பாகவே தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

4. தலை. எண்ணெய் விரியனின் தலை கழுத்தைவிட அகலம் என்று சொல்ல முடியாதபடி மொட்டையாக முடியும், கண் சின்னது. ஓநாய்ப் பாம்பின் தலை தட்டையானது, மூக்குப் பக்கம் அமுக்கி விட்டது போல இருக்கும், கறுத்த கண் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும்.

5. நடுமுதுகுச் செதில். மிக உறுதியான அடையாளம் இதுதான். எண்ணெய் விரியனின் முதுகெலும்பின் மேலாக, தலையிலிருந்து வால் வரை ஒரு வரிசைச் செதில் மட்டும் பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, தேன்கூட்டுக் கண் போல ஆறு பக்கத்தோடு இருக்கும். ஓநாய்ப் பாம்பில் அந்த வரிசையும் மற்ற வரிசைகளைப் போலவேதான். நல்ல படம் ஒன்று கிடைத்தால், போனில் இரண்டு விரலால் பெரிதாக்கி, வளையத்தை விட்டுவிட்டு நடுமுதுகை மட்டும் பாருங்கள்: வெளிச்சம் பட்டு மினுங்கும் இடத்தில் ஒரு பெரிய செதில் வரிசை, சங்கிலி விழுந்து கிடப்பது போலத் தனியாகத் தெரிந்தால் அது எண்ணெய் விரியன்.

6. வாலின் அடிப்பக்கம். எண்ணெய் விரியனுக்கு அடிவால் செதில்கள் நுனி வரை ஒற்றை வரிசை, ஓநாய்ப் பாம்புக்கு நடுவில் பிரிந்து இரட்டை வரிசை. இதைச் செத்த பாம்பில்தான் பார்க்க முடியும். இதிலும் ஒரு கவனம் வேண்டும், நாகத்துக்கும் கண்ணாடி விரியனுக்கும்கூட இரட்டை வரிசைதான். ஆகவே ‘இரட்டை’ என்றால் எண்ணெய் விரியன் இல்லை என்று மட்டும் சொல்லலாம், விஷம் இல்லை என்று சொல்ல முடியாது.

இவை தவிர இடமும் ஒரு துப்பு. சுவரில் செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தால், யன்னல் கம்பியில் சுற்றிக் கிடந்தால், ஓநாய்ப் பாம்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எண்ணெய் விரியன் நிலத்தோடு போகும் பாம்பு. பகலில் அதைத் தொந்தரவு செய்தால் உடம்பைச் சுருட்டித் தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு மந்தமாகக் கிடக்கும், அந்தச் சாதுவான கிடையைப் பார்த்துக் கையில் எடுத்தவர்கள் உண்டு. இரவில் அதே பாம்பு வேறு ஆள்.

இந்த அடையாளங்கள் எங்கே பிழைக்கும்

மேலே சொன்ன முதல் அடையாளம், அதாவது வளையம் எங்கே தொடங்குகிறது என்பது, இணையத்தில் அதிகம் சுற்றும் ஒன்று. அது வளர்ந்த பாம்புக்குத்தான் பொருந்தும். எண்ணெய் விரியன் குட்டியில் வளையம் முன்பக்கமும் தெளிவாகவே இருக்கும். வளர வளரத்தான் முன்பக்கம் மங்கும். ஓநாய்ப் பாம்பு பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு அடிக்குள் நிற்கும் பாம்பு, எண்ணெய் விரியன் வளர்ந்தால் ஒரு மீற்றர் அளவுக்கு வரும். அப்படியென்றால் இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வது எப்போது? பாம்பு சின்னதாக இருக்கும்போது. சரியாக அந்த நேரத்தில்தான் இந்த விதி கையை விரிக்கிறது. குட்டிக்கும் விஷம் உண்டு.

எதிர்ப்பக்கமும் உண்டு. வளையமே தெரியாத ஓநாய்ப் பாம்பும் இருக்கிறது, வயதான எண்ணெய் விரியனிலும் வளையம் தேய்ந்து கோடு புள்ளியாகிப் போயிருக்கும். சேறு பூசியிருந்தால், தோல் உரிக்கும் நாட்களில் உடம்பு மங்கலாக இருந்தால், எண்ணெய் மினுக்கமும் போய்விடும். ஈரவலயக் காடுகளில் இலங்கைக்கே உரிய இன்னொரு ஓநாய்ப் பாம்பு உண்டு, அது கறுப்பில் வெள்ளை வளையத்தோடு அங்குள்ள இலங்கைக்கே உரிய கட்டு விரியனை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். அது நம் பக்கத்துப் பிரச்சினை இல்லை, ஆனால் இணையத்தில் வரும் படங்களைப் பார்த்து ஒப்பிடும்போது ஞாபகத்தில் இருக்கட்டும்.

ஏன் இப்படி ஒன்றைப்போல ஒன்று

1862இல் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் அமேசன் காட்டு வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி எழுதியபோது ஒரு விளக்கம் சொன்னார். வாய்க்கு ஒவ்வாத பூச்சியின் நிறத்தை, தின்னக்கூடிய இன்னொரு பூச்சி போர்த்திக்கொண்டிருக்கிறது, பறவைகள் இரண்டையும் விட்டுவிடுகின்றன. இதைப் போலிவேடம் என்கிறோம். பாம்பு யோசித்து வேடம் போடுவதில்லை. கொஞ்சம் அதிகமாக எண்ணெய் விரியனைப் போல இருந்த ஓநாய்ப் பாம்பைப் பருந்தும் கீரியும் கொஞ்சம் குறைவாகத் தொட்டிருக்கும், அது அதிகக் குட்டிகளை விட்டுப் போயிருக்கும், லட்சக்கணக்கான ஆண்டுகளில் ஒற்றுமை கூடியிருக்கும். இரண்டும் இரவில் இரை தேடும் பாம்பு என்பதால் வேகமாக ஓடும்போது வளையங்கள் கண்ணை ஏமாற்றுவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வேடம் நிறத்தில் மட்டும் இல்லை, நடத்தையிலும் உண்டு. வயல் வாய்க்காலில் உள்ள நீர்ப்பாம்பு பயந்தால் கழுத்தைத் தட்டையாக்கித் தலையைத் தூக்கும், நாகம் படம் எடுத்தது என்று பார்த்தவர் சத்தியம் செய்வார். பூனைப்பாம்பு சுருண்டு தலையை அகட்டி வாலை ஆட்டும், சுருட்டை விரியன் போல. நம்மைப் போன்ற பெரிய விலங்கை விரட்டத்தான் இவ்வளவும். நாம் விலகிப் போவதில்லை, தடியை எடுக்கிறோம். பருந்திடம் உயிரைக் காத்த வேடம் மனிதனிடம் உயிரை எடுக்கிறது.

நம்பக் கூடாத விதிகள்

1. ‘தலை முக்கோணமாக இருந்தால் விஷம்.’ எண்ணெய் விரியனுக்கும் நாகத்துக்கும் தலை முக்கோணம் இல்லை. விஷமில்லாத பல பாம்புகள் பயந்தால் தலையை அகட்டி முக்கோணமாக்கும்.
2. ‘கண்மணி பூனைக் கண் போல நெடுக்காக இருந்தால் விஷம்.’ நாகத்துக்கும் எண்ணெய் விரியனுக்கும் வட்டக் கண்மணி. மனிதருக்குத் தீங்கில்லாத பூனைப்பாம்புக்கும் மலைப்பாம்புக்கும் நெடுக்குக் கண்மணி.
3. ‘இரண்டு பல் பதிந்திருந்தால் விஷப்பாம்பு, வரிசையாகப் பதிந்திருந்தால் இல்லை.’ ஓநாய்ப் பாம்பின் நீண்ட முன்பற்கள் அழகாக இரண்டு புள்ளி வைக்கும். எண்ணெய் விரியனின் பல் சின்னது, கடித்த அடையாளமே தெரியாமல் போகலாம். இந்த விதி தலைகீழாகவே வேலை செய்யக்கூடியது.
4. ‘வலியும் வீக்கமும் இல்லாவிட்டால் விஷம் ஏறவில்லை.’ எண்ணெய் விரியன் கடியில் வலியும் வீக்கமும் இல்லாமல் இருப்பதே வழமை.

நான்கில் மிக மோசமானது நான்காவதுதான். ஏன் என்று விளங்க, அந்த விஷம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடித்த பிறகு உள்ளே நடப்பது

பாயில் நிலத்தில் படுத்திருப்பவரைத்தான் எண்ணெய் விரியன் பெரும்பாலும் கடிக்கிறது, அதுவும் நடுச்சாமத்தில். வயல்காவலுக்கு வாடியில் படுப்பவர், வெக்கைக்கு விறாந்தையில் படுக்கும் பிள்ளைகள், வெள்ளத்துக்குப் பாடசாலைக் கட்டடத்தில் நிலத்தில் வரிசையாகப் படுத்திருக்கும் குடும்பங்கள். பலர் எழும்புவதே இல்லை, எறும்பு கடித்தது என்று சொறிந்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்கள்.

நரம்பு தசைக்குக் கட்டளை கொடுப்பது ஒரு சின்ன இடைவெளி வழியாக. நரம்பின் நுனியில் இருந்து ஒரு இரசாயனம் வெளியே வந்து தசையைத் தொட்டால்தான் தசை சுருங்கும். நாகத்தின் விஷம் பெரும்பாலும் தசைப் பக்கத்து வாசலை அடைக்கிறது. எண்ணெய் விரியனின் விஷத்தில் உள்ள ஒரு பகுதி நரம்பு நுனியையே அழிக்கிறது. அடைத்த வாசலைத் திறக்கலாம். அழிந்த நுனி திரும்ப முளைத்துத்தான் ஆக வேண்டும், அதற்கு நாட்களும் வாரங்களும் ஆகும்.

இதில் இருந்து மூன்று விஷயம் வருகிறது.

முதலாவது, அறிகுறி மெதுவாக வரும். சில மணித்தியாலம் கழித்து வயிற்றுவலி, பிறகு கண் இமை சரிவது, பார்வை இரண்டாகத் தெரிவது, விழுங்க முடியாமை, பேச்சுக் குழறுவது, கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோவது. விடிய எழும்பி வயிற்றுவலி என்று சொல்பவரை ‘காஸ்ரிக்’ என்று குளிசை கொடுத்துப் படுக்க வைப்பது இந்த இடத்தில்தான் நடக்கிறது. நிலத்தில் படுத்து எழும்பியவர் விடியற்புறத்தில் காரணமில்லாமல் வயிற்றுவலி என்று சொன்னால், முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி இமையைப் பாருங்கள். தூக்கம் போல இமை பாதி மூடி, மேலே பார்க்கச் சொன்னால் நெற்றியைச் சுருக்கித் தலையைப் பின்னால் சரித்துப் பார்க்கிறார் என்றால் அது தூக்கம் இல்லை.

இரண்டாவது, விஷமுறிவு மருந்து இரத்தத்தில் ஓடும் விஷத்தைப் பிடிக்கும், நரம்பு நுனியில் ஏற்கெனவே நடந்த அழிவைத் திருப்பித் தராது. நேரத்தோடு போக வேண்டும் என்று டொக்டர்மார் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, நம்பிக்கை தருவது. மூச்சு நின்றாலும் இயந்திரத்தில் வைத்து மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், நரம்பு முளைத்து ஆள் பிழைத்து எழும்புவார். அந்த இயந்திரம் இருக்கும் இடத்துக்கு மூச்சு நிற்பதற்கு முன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இரண்டு பிழைகளும் ஒரே எடை இல்லை

ஓநாய்ப் பாம்பை எண்ணெய் விரியன் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நட்டம்? ஒரு நாள் கட்டிலில் படுத்துக் கிடந்து, இரத்தம் பார்த்து, ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு வருவீர்கள். எண்ணெய் விரியனை ஓநாய்ப் பாம்பு என்று நினைத்து வீட்டில் இருந்தால் என்ன நட்டம் என்று நான் எழுதத் தேவையில்லை. முதல் பிழையைத் திருத்த ஒரு நாள் போதும், இரண்டாவதைத் திருத்த வழியே இல்லாமல் போகலாம். அதனால்தான் கடி என்று வந்துவிட்டால் பாம்பின் பெயரை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது என்று சொல்கிறேன், பாம்பை நன்றாகத் தெரிந்தவர் சொன்னாலும் சரி.

“அப்ப தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏத்திப் போடுவாங்களே?” என்று ஒரு பயம் உண்டு. அப்படி ஏற்றுவதில்லை. அந்த மருந்து குதிரையின் இரத்தத்தில் இருந்து தயாராவது, ஒவ்வாமை கடுமையாக வரலாம், ஆகவே விஷம் ஏறியதற்கு அறிகுறி தெரிந்தால்தான் கொடுப்பார்கள். உங்கள் இமையைப் பார்ப்பார்கள், மூச்சைப் பார்ப்பார்கள். கொஞ்சம் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள், உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் போன்ற ஒன்றின் விஷம் இரத்தத்தில் இருக்கிறது. உங்கள் உடம்பே பாம்பின் பெயரைச் சொல்லிவிடும். இன்னொன்று, இங்கே பாவிக்கும் மருந்து இந்தியாவில் நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தைக் கொண்டு செய்தது. கோப்பி விரியனுக்கு அது வேலை செய்யாது, கடல்பாம்புக்கும் இல்லை.

2012–2013 காலத்தில் இலங்கை முழுவதும் வீடு வீடாகப் போய் ஒரு கணக்கெடுப்புச் செய்தார்கள். அதன்படி ஓராண்டில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடித்திருக்கிறது, அதில் விஷம் ஏறியவர்கள் சுமார் 30,000 பேர், இறந்தவர்கள் 400க்கு மேல். இந்த எண்களை இன்னொரு பக்கத்தாலும் வாசிக்கலாம். கடிபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு விஷமே ஏறவில்லை. கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கலாம், விஷப்பாம்பே விஷத்தை விடாமல் கடித்திருக்கலாம். ஆகவே பரியாரியிடம் மந்திரம் ஓதிப் பார்வை பார்த்தாலும், விஷக்கல் வைத்தாலும், ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் இவர்கள் எழும்பி நடந்திருப்பார்கள். ‘என் அப்பாவுக்குப் பார்வை பார்த்துத்தான் சுகமானது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஏறாத விஷம் மகனுக்கு ஏறியிருந்தால் பார்வை தாங்காது. பார்வை பார்ப்பது மனத்துக்குத் தைரியம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

இதே குழப்பம் உள்ள மற்றச் சோடிகள்

சாரையும் நாகமும். சாரை நீளம், கண் பெரியது, ஓட்டம் வேகம், உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும், படம் எடுக்காது. சாரையும் நாகமும் சேரும் என்பது பொய். பின்னிக்கொண்டு எழும்பி நிற்பதாக நாம் காண்பது இரண்டு ஆண் சாரைகள், அது சண்டை. வேளாண்மை செய்பவருக்குச் சாரையைப் போல எலி பிடிக்கும் கூலியில்லாத வேலையாள் கிடையாது, எலி குறைந்தால் எலிக்காய்ச்சலுக்கும் இடம் குறையும்.

கண்ணாடி விரியனும் வெங்கிணாந்தி என்ற மலைப்பாம்பின் குட்டியும். வெங்கிணாந்தியின் முதுகில் உள்ளவை ஒழுங்கில்லாத பெரிய திட்டுகள், ஒன்றின் வடிவம் மற்றதற்கு வராது. கண்ணாடி விரியனின் புள்ளிகள் மூன்று வரிசையில், ஓரம் கீறியது போல ஒழுங்காக இருக்கும், அதோடு குக்கர் விசில் விடுவது போலச் சீறும். மண்ணுளிப் பாம்பும் இப்படி அடிபடுகிறது. அதன் வால் மிகக் குட்டை.

வாவியும் கடலும் தனி உலகம், அங்கே நம்பக்கூடிய ஒரு அடையாளம் உண்டு: வாலைப் பாருங்கள். கடல்பாம்பின் வால் துடுப்புப் போலப் பக்கவாட்டில் தட்டையானது, எல்லாக் கடல்பாம்பையும் கொடிய விஷப்பாம்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கழிமுகத்திலும் வாவியிலும் வலையில் மாட்டும் இன்னொரு பாம்பு அரம் போலச் சொரசொரப்பாக, தோல் தளர்ந்து, வளையத்தோடு இருக்கும், அதைக் கடல்பாம்பு என்று அடிக்கிறார்கள். அதற்கு விஷமில்லை, வாலும் துடுப்பாக இராது. கண்டல் ஓரத்தில் தலை தடித்த சாம்பல் நிற உவர்நீர்ப் பாம்பைப் பார்த்து விரியன் என்பார்கள், அதன் விஷம் மனிதரைக் கொல்லும் அளவு இல்லை. ஆனாலும் கரைவலை கொட்டும்போது கையால் எடுத்து வால் பார்க்க வேண்டாம், தடியால் தள்ளிவிட்டு அப்புறம் பாருங்கள்.

பாம்பைக் கண்டால், கடித்தால்

யாரையும் கடிக்கவில்லை, வீட்டுக்குள் நிற்கிறது என்றால் அவசரம் இல்லை. பிள்ளைகளை வெளியே எடுத்து, பாம்பின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு, வெளியே போகும் கதவைத் திறந்து விடுங்கள். ஓர் ஆள் நீளமாவது தள்ளி நின்று, போனில் நெருக்கிப் படம் எடுக்கலாம். தலை, நடுமுதுகு, வால் மூன்றும் தெரிந்தால்தான் அந்தப் படத்துக்குப் பிரயோசனம். போகாவிட்டால் பாம்பு பிடிக்கத் தெரிந்தவரையோ வனஜீவராசிகள் அலுவலகத்தையோ அழையுங்கள். ஓநாய்ப் பாம்புதான் என்று எவ்வளவு நிச்சயம் இருந்தாலும் கையால் பிடிக்க வேண்டாம்.

கடித்துவிட்டால்:

1. மோதிரம், காப்பு, கையில் கட்டிய நூல் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.
2. கடிபட்ட கையையோ காலையோ ஒரு பலகையோடு சேர்த்து அசையாமல் வையுங்கள், ஆளை நடக்க விட வேண்டாம்.
3. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம்.
4. 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், அல்லது கிடைக்கும் வாகனத்தில் கிளம்புங்கள். கடித்த நேரத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள்.
5. பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அடித்திருந்தாலும் தலையைத் தொட வேண்டாம், வெட்டிய தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும்.
6. ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் 24 மணித்தியாலம் ஆஸ்பத்திரியில் இருங்கள்.

நிலத்தில் படுக்க வேண்டியிருந்தால் நுளம்பு வலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகிவிட்டுப் படுங்கள். நுளம்புக்காகச் செருகும் அதே விளிம்பு எண்ணெய் விரியனையும் தடுக்கும், வாடியில் தனியாகப் படுப்பவருக்கு இதைவிட மலிவான காவல் இல்லை. இரவில் எழும்பினால் கால் வைப்பதற்கு முன் டோச்சை அடியுங்கள், காலையில் பாயைச் சுருட்டுவதற்கு முன் ஒரு முனையைப் பிடித்து உதறுங்கள்.